இடது ஓரத்து இடம்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கையின் பிள்ளை. ஆறும் நல்லபடியாக ஆளாகி, தங்கள் தங்கள் காலில் நிற்கிறார்கள். ஒருவர் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்த எழுத்து என் பெயரை எழுதப் போதும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது. சொல் என்னுடையது.

சொல்லப் போவது ஒரு மனிதரைப் பற்றி. பெயர் வேண்டாம். அவருடைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்களுக்கு அவர் மனேச்சர். எந்தக் கம்பனிக்கும் மனேச்சர் அல்ல. இலங்கையிலிருந்து ஓடி வந்து, ஜெர்மனியில் ஹம் நகரத்தில் நாங்கள் இருந்த அகதிகள் காம்பில் ஒரு உதைபந்தாட்டக் குழு இருந்தது. அதற்கு அவர் மனேச்சர். தான் ஒரு நாளும் பந்தை உதைத்தவரில்லை. ஆட்களைச் சேர்ப்பதுதான் அவருடைய வேலை.

அவரை முதலில் கண்டது எண்பத்து நான்காம் ஆண்டு, இலை கொட்டுகிற காலம். நானும் என் மூன்றாவது மகனும் பேர்லினிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கினோம். மகனுக்குப் பதினேழு வயது. அவனுடைய தகப்பன் அதற்கு முந்தின வருடம் ஒரு விடியற்காலையில் சைக்கிளில் கடைக்குப் போனவர். அவரும் திரும்பவில்லை, சைக்கிளும் திரும்பவில்லை. மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு திக்கில். என்னோடு வந்து சேர்ந்தவன் இவன் ஒருவன்தான்.

காம்ப் முற்றத்தில் பெரிய மரம் ஒன்று. அதன் காய்கள் மண்ணிறத்தில் பளபளவென்று நிலமெல்லாம் கிடந்தன. கஸ்தானியன் என்று பிறகு பெயர் தெரிந்துகொண்டேன். மகன் தோளில் பையோடு, களைத்துப் போய், ஒரு காயை இடக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். அது போய்ச் சுவரோரம் இருந்த தகரக் குப்பைத் தொட்டியில் டங்கென்று பட்டது. படியில் நின்ற ஒருவர் திரும்பினார். அவருக்குப் பெரிதான சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அவனுடைய பாதத்தைப் பார்த்தபடி வந்தார்.

"இடக்காலோ?" என்றார்.

"ஓம்."

"பிறவியிலயோ, பழகினதோ?"

"பிறவியில."

"ஊரில எந்தக் கழகம்?"

"ஒண்டுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் விளையாடினனான்."

"அப்ப ஒருத்தருக்கும் சொந்தமில்லை. நல்லது."

எனக்குச் சுர்ரென்றது. "இஞ்ச பாருங்கோ, நாங்கள் பேர்லினில இருந்து பச்சைத் தண்ணி பல்லில படாமல் வாறம். முதல்ல இருக்க ஒரு இடத்தைக் காட்டுங்கோ."

"காட்டுறன் அக்கா," என்றார். அதையும் என் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதுதான் அந்த மனிதர். ஆட்களின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பார்வை எப்போதும் கீழேதான். ஊரில் அவர் பஸ் கொண்டக்டராக இருந்தவர். ஏன் இப்படி என்று ஒரு நாள் குசினியில் சமைத்துக்கொண்டே கேட்டேன்.

"முகத்தைப் பாத்தால் ரிக்கற் குடுக்கேலாது அக்கா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை இருக்கும். பிள்ளைக்குச் சுகமில்லை எண்டுவினம், சந்தையில ஒண்டும் விக்கேல்லை எண்டுவினம். முகம் ஆளை ஏமாத்தும். மிதிபலகையில வைக்கிற கால் ஏமாத்தாது. ஆர் அவசரத்தில வாறான், ஆர் பயந்து வாறான், ஆர் ரிக்கற் எடுக்காமல் இறங்கப்போறான், எல்லாம் கால் சொல்லும்."

காம்பில் இருந்த எல்லோரையும் அவருக்குக் காலால் தெரியும். நடைபாதையில் நான் போனால், அறைக் கதவு மூடியிருந்தாலும் உள்ளேயிருந்து "அக்கா, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்பார். ஆனால் ஒரு தடவை எனக்கு ஒரு கிழமையாகக் கண் வீங்கிச் சிவந்து கிடந்தது. தினமும் என் குசினியில் தேத்தண்ணி குடித்த மனிதருக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. வேறு நகரத்துக்குப் போவதென்றால் அலுவலகத்தில் கேட்டு ஒரு துண்டு வாங்க வேண்டும். துண்டு இல்லாமல் ரயிலில் பிடிபட்டால் பொலிஸ். இளம் பெடியன்கள் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பி வெளியே கொண்டுபோனது மனேச்சரின் பந்துதான். அதை நான் மறுக்க மாட்டேன்.

ஹம்மில் அப்போது மூன்று காம்புகள். எங்களுடையது, கால்வாய்க்கரையில் ஒன்று, ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று. மூன்றுக்கும் மூன்று குழு. கோடையில் போட்டி நடக்கும். நாங்கள் வந்த பிறகு நடந்த முதல் போட்டியில் எங்கள் குழு கடைசி. மற்ற இரண்டு குழுவின் தலைவர்களையும் மனேச்சர் என் குசினிக்கு அழைத்து வந்தார். நான் உளுந்து வடை சுட்டு வைத்தேன்.

"பந்தடி எண்டால் போட்டி இருக்கவேணும்," என்றார் அவர்களிடம். "எப்பவும் ஒரே ஆக்கள் வெண்டால் ஆர் பாக்க வருவினம்? இனிமேல் புதுச் சனத்தோட பஸ் வந்தால், கடைசியா வந்த குழு முதலில ஒரு ஆளைத் தெரியட்டும். பிறகு நடுவில வந்தவை. வெண்டவை கடைசியாத் தெரியட்டும்."

வடை வாயில் இருந்ததாலோ என்னவோ, இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பஸ் வருகிற நாளெல்லாம் மூன்று தலைவர்களும் முற்றத்தில் நிற்பார்கள். பசியோடும் பயத்தோடும் இறங்குகிற சனத்தை மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நான் கேத்தலோடு போய் நடுவில் நிற்பேன். "முதல்ல தேத்தண்ணி குடிக்க விடுங்கோ, பிறகு பங்கு பிரியுங்கோ," என்பேன். மனேச்சருக்கு அது கேட்காது. "மூண்டாவதா இறங்கினவன், மண்ணிறச் சப்பாத்து. அவன் எனக்கு," என்பார். அப்படிப் பொறுக்கிப் பொறுக்கியே குழு வளர்ந்தது. இரண்டாம் வருடக் கோடையில் நாங்கள் முதலாவதாக வந்தோம். அடுத்த பஸ் வந்த அன்று மனேச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குசினிக்கு வந்தார்.

"உதென்ன கண்டறியாத சட்டம் அக்கா? வெண்டவனுக்குத் தண்டனையோ?"

"சட்டம் போட்டது ஆர்?"

"நான்தான். அதுதான் விசர் வருது."

சிரித்தேன். அவரும் சிரித்தார். கோபம் நிற்காத மனிதர்.

யாருக்கும் சொந்தமில்லாத ஆட்களும் இருந்தார்கள். ஆஹென் நகரத்தில் படிக்க வந்த இந்தியத் தமிழ்ப் பெடியன் ஒருவன், பனைபோல உயரம், கோல் காப்பதில் சூரன். அவன் மாணவன். எந்த நகரத்துக்கும் தன் எண்ணப்படி ரயில் ஏறலாம், துண்டு தேவையில்லை. அவனை ஒரு குழுவும் கட்டிவைக்க முடியாது. ஆகவே எல்லோரும் சாப்பாட்டால் இழுத்தார்கள். கால்வாய்க்கரைக்காரர் கொத்துரொட்டி போட்டார்கள். மனேச்சர் ஓடி வந்து என் முன்னால் நின்றார். நான் தேங்காய்ப்பூப் பெட்டியை உடைத்துச் சுடுநீரில் பிழிந்து சொதி வைத்தேன். இடியப்பமும் கோழிக்கறியும்.

"ஆண்ட்டி, இந்த மாதிரி ஒண்ணு நான் எங்க ஊர்ல சாப்பிட்டதே இல்ல," என்றான் அவன். "அடுத்த சண்டேயும் நானே கோல்ல நிக்கறேன். இதே மெனுதானே?"

மனேச்சர் என் காதுக்குள் சொன்னார்: "இன்னும் ரெண்டு அகப்பை விடுங்கோ அக்கா. கால்வாய்க்கரையான் திரும்பக் கூப்பிடுவான்."

ஆள் மாற்றுவதுதான் அவருடைய பெரிய கெட்டித்தனம். அகதி ஒருவர் வேறு நகரத்துக்கு மாறுவது லேசில்லை. அன்ராக் என்கிற விண்ணப்பம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கேயிருந்து ஒருவர் இங்கே வர, இங்கேயிருந்து ஒருவர் அங்கே போனால், கட்டிலுக்குக் கட்டில் சரி என்பதால் அலுவலகம் இழுத்தடிக்காது. இதை அவர்தான் கண்டுபிடித்தார். ஆஹெனில் தாய்மாமன் உள்ள பெடியனைத் தேடிப் பிடிப்பார். ஹம்மில் சித்தப்பன் உள்ள ஆஹென் பெடியனைத் தேடிப் பிடிப்பார். இருவருக்கும் அன்ராக் எழுதுவித்து மாற்றிவிடுவார். சொந்தங்களோடு சேர்ந்த சனம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

"புண்ணியம் செய்யிறியள்," என்று நானும் ஒரு தடவை சொன்னேன்.

"மாமனோட சேந்தது நல்லதுதான்," என்றார். "ஆனால் எனக்கு நடுவில நிக்க ஒருத்தன் தேவைப்பட்டவன் அக்கா. அதுக்குத்தான்."

பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு இடத்தில் பத்து இடத்தை அவர் இப்படித் தெரிந்தும் மாற்றியும் சோறு போட்டும் நிரப்பினார். ஒரு இடத்தை மட்டும் நிரப்பவில்லை. லெஃப்ற் அவுட் என்பார்கள், இடது ஓரமாக ஓடிப்போய்ப் பந்தை உள்ளே அனுப்புகிற இடம். அது ஊரில் இருந்த அவருடைய தம்பிக்கு. தம்பி எங்கள் பக்கத்திலேயே பெயர் எடுத்த ஆட்டக்காரன். "அவன் வரட்டும், பிறகு பாருங்கோ குழுவை," என்பார். தம்பிக்கென்று முதல் வருடமே புதுச் சப்பாத்து வாங்கிப் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். மாதம் ஒரு முறை எடுத்து எண்ணெய் பூசித் திரும்ப வைப்பார்.

தம்பி வரும்வரை அந்த இடத்தில் ஓடியவன் என் மகன்.

"நீ ரெம்பரறி," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தற்காலிகம் என்று அர்த்தம். பெடியன்கள் சும்மா விடுவார்களா? அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. "ரெம்பரறி, பந்தை விடடா." "ரெம்பரறி, அம்மா கூப்பிடுறா." தேவாலயத்து ஆட்கள் கொடுத்த பழைய சப்பாத்து, அவனுக்குப் பெரிது. நுனியில் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு ஓடினான். மழையில் ஓடினான், பனியில் ஓடினான். கோல் போட்டால் மற்றவர்களைப்போலக் கத்த மாட்டான். எல்லைக் கோட்டில் நிற்கிற மனேச்சரைத்தான் திரும்பிப் பார்ப்பான். அவர் அவனுடைய காலைப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் அவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு.

தகப்பனைத் தொலைத்த பிள்ளை. அவன் எங்கே சாய்கிறான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அவனுக்கு வேண்டியது ஒரு சொல். இந்த இடம் உன்னுடையது என்று அந்த மனிதர் ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு தடவை வாய் விட்டே கேட்டான். "அண்ணை, மூண்டு வருசமாகுது. நான் எப்ப பேர்மனன்ற் ஆவன்?"

"தம்பி வரட்டும். பிறகு யோசிப்பம்."

எண்பத்தெட்டாம் ஆண்டு வசந்த காலத்தில் செய்தி வந்தது. தம்பி எந்தெந்த நாடெல்லாமோ சுற்றி ஜெர்மனிக்குள் வந்துவிட்டான், ஒரு சில கிழமையில் ஹம்முக்கு அனுப்புவார்கள். மனேச்சர் அன்று காம்ப் முழுவதற்கும் கற்கண்டு கொடுத்தார். மறுநாள் காலை என் குசினிக்கு வந்தார். தேத்தண்ணி கேட்கவில்லை.

"ஆஹெனில ஒரு பெடியன் நிக்கிறான் அக்கா. பின்னுக்கு நிண்டால் சுவர் மாதிரி. அங்க இருக்கிற குழுவுக்கு ஒரு இடக்கால் வேணுமாம். உங்கட மகனைக் கேக்கினம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

"என்ர பிள்ளை என்ன, சந்தையில மாத்திற கிழங்கோ?"

"அப்பிடி இல்லை அக்கா. தம்பி வந்தால் இவன் விளையாடாமல் வெளியில வாங்கில இருக்கவேண்டி வரும். இவனை வாங்கில இருத்தி வைக்கிறது பாவம். அங்க இவனுக்கு நிரந்தர இடம்."

"ஐஞ்சு பிள்ளை பெத்தனான். இந்த நாட்டில என்னோட இருக்கிறது இவன் ஒருத்தன். அது தெரியுமோ உங்களுக்கு?"

"ஆஹெனுக்கு ரயில் இருக்கு அக்கா. போய்ப் பாக்கலாம்."

"ரயில் இருக்கு. துண்டு ஆர் தருவினம்? உங்கட பந்தோ?"

அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கட மகனிட்டையும் கேட்டனான்," என்றார் மெதுவாக. "ஓம் எண்டிட்டான்."

மகன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். "என்னடா, ஓம் எண்டு சொன்னனியோ?" என்றேன்.

"பின்ன என்னம்மா சொல்லுறது? அவர் கேக்கேல்ல. சொன்னவர்."

"நீ ஏலாது எண்டால் ஆர் உன்னை அனுப்புறது?"

"நீ வேண்டாம் எண்டு ஒருத்தர் சொன்னாப்பிறகு அந்த இடத்தில நிண்டு என்ன செய்யிறது?" என்றான். நான் பெற்றதிலேயே என் குணம் வந்தது இவனுக்குத்தான். முறிந்தாலும் முறிவான், வளைய மாட்டான். அன்ராக்கில் அவனே கையெழுத்து வைத்தான். போகும்போது மனேச்சர் ரயில் நிலையம்வரை வந்தார். மகன் அவருக்குக் கை கொடுத்தான். அவர் குனிந்து அவனுடைய சப்பாத்தைப் பார்த்து, "அங்க போய் ஒரு நல்ல சோடி வாங்கு," என்றார்.

ரயில் போன பிறகு நான் அவரோடு பேசாமல் முன்னால் நடந்தேன். பின்னால் வந்தவருக்கு என் நடை என்ன சொல்லியிருக்கும்? அவர்தானே காலைப் படிக்கிறவர், படித்திருப்பார்.

தம்பி வந்த நாளும் நான் நிலையத்தில் இருந்தேன். கோபம் இருந்தது, ஆனாலும் ஒரு பிள்ளை உயிரோடு வந்து சேருகிறது, போகாமல் இருக்க மனம் வரவில்லை. ரயில் நின்றது. மனேச்சர் ஒவ்வொரு கதவின் படியையும் பார்த்தார், முகங்களை அல்ல. ஒரு கதவில் இரண்டு கால்கள் இறங்கின. மெலிந்தவை, ஆனால் முழுதாக, நேராக இறங்கின. "கால் ரெண்டும் இருக்கு!" என்று கத்திவிட்டார். ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலால் அந்தத் தம்பியின் முகம் எனக்குத் தெரிந்தது. நான் என் வாழ்க்கையில் பல முகங்களைப் பார்த்தவள். அது பந்து விளையாட வந்த முகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நாங்கள் பெண்களும் தேத்தண்ணிப் போத்தலோடு போனோம். கட்டிலுக்குக் கீழே இருந்த சப்பாத்து வெளியே வந்தது. அளவு சரியாக இருந்தது. தம்பி அதைப் போட்டுக்கொண்டு இடது ஓரத்தில் போய் நின்றான். ஆஹெனிலிருந்து வந்த புதுப் பெடியன் பின்னாலிருந்து ஒரு நல்ல பந்தை அனுப்பினான். பந்து தம்பியின் காலுக்குப் பக்கத்தால் உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. அவன் அசையவில்லை. திரும்பவும் ஒன்று வந்தது. அதுவும் போனது. பிறகு அவன் நடந்து வந்து எங்கள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

மனேச்சர் ஓடி வந்தார். "என்னடா? கால் நோகுதோ?"

"கால் நல்லாத்தான் இருக்கு அண்ணை."

"பின்ன?"

"ஆருக்குப் பந்தைக் குடுக்கிறது?" என்றான் தம்பி. "எங்கட ஊர்க் குழுவில இப்ப ஆர் உயிரோட இருக்கினம்? பந்து வரேக்க நிமிந்து பாத்தால், அந்தப் பெடியளின்ர முகம்தான் தெரியுது. எனக்கு ஏலாது அண்ணை. இனி என்னைக் கேளாதைங்கோ."

மனேச்சர் தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. கால் ஏமாற்றாது என்று சொன்ன மனிதரைக் கால்கள் ஏமாற்றிவிட்டன.

அதற்குப் பிறகு ஒரு மாதம்போல் அவர் குசினிப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் வந்து வாசலில் நின்றார். அலுவலகத்தில் துண்டு வாங்கி ஆஹெனுக்குப் போய் வந்தாராம்.

"மகனைக் கண்டனான் அக்கா."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. "எப்பிடி இருக்கிறான்?"

"நல்லா ஓடுறான்."

"நான் அதைக் கேக்கேல்லை."

அவர் பிறகு சொன்னார்: "திரும்பி வரச் சொல்லிக் கேட்டனான். அன்ராக் எல்லாம் நான் எழுதுவிக்கிறன் எண்டு சொன்னனான். 'அது உங்கட தம்பியின்ர இடமெல்லோ அண்ணை, நான் இஞ்ச பேர்மனன்ற்' எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்."

எனக்கு என் பிள்ளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆனால் அவன் திரும்பி வந்திருந்தால் எனக்கல்லவா வந்திருப்பான்? இரண்டு ஆண்களின் ரோசத்துக்கு நடுவில் நான் தனியாக வெங்காயம் உரித்தேன்.

அந்தக் கோடைப் போட்டி வந்தது. எங்கள் குழு பத்துப் பேரோடு இறங்கியது. முதலில் யாரோ பிந்தி வருகிறார்கள் என்று நினைத்தோம். ஒருவரும் வரவில்லை. இடது ஓரம் வெறுமையாகக் கிடந்தது. கால்வாய்க்கரைத் தலைவர் வந்து, "என்ன மனேச்சர், எண்ணத் தெரியாதோ? ஆள் இல்லாட்டி நாங்கள் ஒருத்தனைத் தாறம்," என்று பகிடி விட்டார்.

"அந்த இடத்துக்கு ஆள் இருக்கு," என்றார் மனேச்சர். "வேற ஊரில நிக்குது."

"தம்பி அங்க புல்லில எல்லோ இருக்கிறான்?"

"நான் தம்பியைச் சொல்லேல்லை."

எனக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். என் இரண்டு காதாலும் கேட்டேன். என் மகன் மூன்று வருடம் காத்திருந்த சொல் அது. அவன் மூன்று மணித்தியால ரயில் தூரத்தில் இருந்தபோது அது வெளியே வந்தது.

எல்லாவற்றிலும் தோற்றோம். பின்னால் நின்ற சுவர் மாதிரிப் பெடியன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணை, ஓரத்தில ஒரு வாளியைக் கவிட்டு வைச்சாலும் காணும், ஒரு ஆளை விடுங்கோ," என்று கெஞ்சினான். மனேச்சர் விடவில்லை. கடைசி இடம் எங்களுக்கு. இந்தியப் பெடியனும் அதற்குப் பிறகு கால்வாய்க்கரையின் கொத்துரொட்டிக்கே போய்விட்டான். என் சொதிக்கு அது ஒரு அவமானம்தான், ஆனால் தோற்கிற கோலில் யார் நிற்பார்கள்?

இலை கொட்டும்போது ஒரு பஸ் வந்தது. சட்டப்படி முதல் தெரிவு எங்கள் குழுவுக்கு. மூன்று தலைவர்களும் முற்றத்தில் நின்றார்கள். சனம் இறங்கியது. பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன் இறங்கி, கீழே கிடந்த கஸ்தானியன் காயை ஒரு தட்டுத் தட்டினான். இடக் காலால்.  எல்லோரும் மனேச்சரைப் பார்த்தார்கள்.

"உங்கட முறை," என்றார் கால்வாய்க்கரைத் தலைவர்.

"எனக்கு வேண்டாம். நீங்கள் எடுங்கோ."

அந்தப் பெடியனுக்குப் பின்னால் ஒரு மனுசி இரண்டு பையோடு படியில் தடுமாறிக்கொண்டு நின்றாள். என்னைப்போல ஒருத்தி. மனேச்சர் போய்ப் பைகளை வாங்கினார். பிறகு தலையை நிமிர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தார். பெடியனின் முகத்தையும் பார்த்தார். கழுத்து நோகிறவர்போல மெதுவாகத்தான் நிமிர்ந்தார்.

"சாப்பிட்டனியளோ?" என்று கேட்டார்.

நான் கேத்தலோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நாலு வருடம் முந்தி இதே மரத்தின் கீழ் அதே கேள்வியை எங்களிடம் கேட்டிருக்கலாமே என்று இருந்தது. ஒரு சின்னக் கேள்வி.

அடுத்த வருடம் குழு கலைந்தது. பெடியன்கள் கனடா, பிரான்ஸ் என்று போனார்கள். எனக்கு ஆஹெனுக்கு மாற அனுமதி கிடைத்து மகனோடு வந்து சேர்ந்தேன். மனேச்சர் ஹம்மிலேயே இருந்தார். பிறகு மரக்கறி பொதி செய்கிற இடத்தில் வேலை செய்தாராம். கலியாணம் செய்யவில்லை. தம்பியின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார். வருடத்தில் ஒரு தடவை எனக்குத் தொலைபேசி எடுப்பார். முன்புபோல இல்லை, முதலில் என் சுகம் கேட்பார், பிள்ளைகள் எல்லோரையும் கேட்பார். கடைசியில், "அவன் பக்கத்தில நிக்கிறானோ?" என்பார். மகன் தலையை அசைப்பான், இல்லை என்று. "வேலைக்குப் போட்டான்," என்று சொல்வேன். "சரி அக்கா, சும்மா கேட்டனான்," என்பார்.

இரண்டு வருடம் முந்தி அவர் போய்ச் சேர்ந்தார். நான் ரயிலில் போனேன். இப்போது துண்டு தேவையில்லை. மகன் வரவில்லை. வேலை என்றான். பெட்டிக்குள் அவருடைய முகம் நன்றாகத்தான் இருந்தது. நான்கூட அதை அன்றுதான் நிறையப் பார்த்தேன். அதுவரை எனக்கு ஞாபகம் இருந்தது குனிந்த தலையின் உச்சிதான்.

பத்துப் பேரோடு விளையாடிய கதையை மகனுக்குச் சொல்ல எத்தனையோ தடவை வாய் எடுத்தேன். மனேச்சர் என்று தொடங்கினாலே எழும்பிப் போய்விடுவான். தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போவான். ஐம்பத்தெட்டு வயது ஆள். தலை நரைத்துவிட்டது. இன்னும் அதே ரோசம். என் பிள்ளைதானே. ஆனால் ஒருவரைப் பற்றிக் கோபம் வைத்திருப்பது அவர் இருக்கும்வரை சரி. போன பிறகு அந்தக் கோபத்தை யாருக்குக் கொடுப்பது?

சரி பிள்ளை, இவ்வளவும் போதும். பேனையை வை. இப்போது முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. பத்துப் பேர் விளையாடிய இடம் வந்தால் அவசரப்படாதே, நிறுத்தி நிறுத்தி வாசி. அந்தக் கதவைக் கொஞ்சம் அகலத் திறந்துவிடு. உன் அப்பா அந்த அறையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கொஞ்ச நேரமாக ரீவிச் சத்தம் கேட்கவில்லை. எழும்பிப் போன சத்தமும் கேட்கவில்லை. சத்தமாக வாசி, பிள்ளை.